யாழ்ப்பாணத்தில் பழைய ரலி, ஹம்பர், பிஎஸ்ஏ சைக்கிள்களை நல்ல நிலையில் வாங்கிச் சேர்க்க எதைப் பார்க்கவேண்டும்?

முதலில் பெயின்ற்றைப் பாருங்கள். மினுக்கத்தைப் பார்க்கவேண்டாம். அது தொழிற்சாலையில் அடித்த பெயின்ற்தானா என்பதுதான் கேள்வி. ரயர், கம்பி, பெடல் எல்லாம் மாற்றலாம், சில்லின் நடுவிலுள்ள ஹப்பைக்கூடத் தேடிப் பிடிக்கலாம். சூளையில் சுட்டு இறுக்கிய கறுப்பு எனாமலும் அதன்மேல் ஓடும் பொன்கோடும் போனால் போனதுதான். அங்கங்கே துருப்பொட்டு விழுந்த அசல் கறுப்பு ரலியை, புதிதாக ஸ்பிறே அடித்த ரலியைவிட மேலாக மதியுங்கள். விற்கிறவர்கள் அநேகமாகத் தலைகீழாகத்தான் விலை சொல்வார்கள். அது உங்களுக்கு நல்லது.

திருப்பி அடித்த பெயின்ற் சில இடங்களில் தப்பாமல் பிடிபடும். சீற்றுக்குக் கீழேயுள்ள கிளாம்பைத் தளர்த்திப் பாருங்கள், மட்காட் கம்பி வந்து பூட்டும் இடத்தைப் பாருங்கள், தலைக்குழாயில் பதித்த பெயர்த்தகடான முன்தகட்டின் ஓரத்தில் நகத்தை ஓட்டுங்கள். நட்டின் விளிம்பில் பெயின்ற் ஏறியிருந்தாலோ, சட்டத்தில் குத்திய இலக்கங்கள் பெயின்ற் நிரம்பி மழுங்கியிருந்தாலோ பிறகு அடித்ததுதான். பழைய எழுத்தின்மேல் அடித்திருந்தால், வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடிக்கும்போது கீழே எழுத்தின் விளிம்பு மெல்லிய வரம்பாகத் தெரியும்.

அடுத்தது, எல்லாம் ஒரே வண்டியின் பாகங்களா என்பது. பெரிய பல்சக்கரம் பெயர் சொல்லும். ரலியில் நாரை உருவம், ஹம்பரில் ஓடும் மனிதர்கள், ரட்ஜ் என்ற இன்னொரு இங்கிலாந்து வண்டியில் கை, பிஎஸ்ஏயில் அந்த மூன்று எழுத்துகள். ஹம்பரின் முன் கவட்டை பக்கத்துக்கு இரண்டு குழாய்களாக இறங்கும். வேறொன்றோடு குழப்பவே முடியாது. பிஎஸ்ஏ துப்பாக்கி செய்த பேர்மிங்ஹாம் நிறுவனம் என்பதால் அதன் சின்னம் சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். 1957இல் அதன் சைக்கிள் பிரிவு ரலியின் கைக்குப் போனது. அதற்குப் பிந்திய பிஎஸ்ஏயில் ரலிப் பாகங்கள் இருந்தால் குறை சொல்லத் தேவையில்லை. முன்தகட்டில், ரலியின் இங்கிலாந்துத் தொழிற்சாலை இருந்த நாட்டிங்ஹாம் நகரின் பெயர் இருக்கிறதா என்று வாசியுங்கள். இந்தியாவின் அசன்சோலில் சென்-ரலி என்ற நிறுவனம் செய்த வண்டிகளும் உண்டு. அவையும் நல்ல வண்டிகள்தான், ஆனால் நாட்டிங்ஹாம் விலை கொடுக்கக்கூடாது. கம்பியையும் எண்ணுங்கள்: பழைய இங்கிலாந்து வழக்கம் முன்சில்லுக்கு 32, பின்சில்லுக்கு 40.

மூன்று கியர் வண்டியென்றால் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பில் செய்த மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். 54, 8 என்றால் 1954 ஆவணி அல்ல, ஓகஸ்ட். தமிழ் மாதத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டாம். சட்டத்தின் வயதைவிட ஹப் பல வருடம் பிந்தியதென்றால் சில்லு மாற்றியிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் வண்டிகளில் ஒரு தனிக் கவனம் வேண்டும். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலம் முழுக்க விறகு, மூட்டை, நோயாளி எல்லாவற்றையும் இந்தச் சைக்கிள்கள்தான் சுமந்தன. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலும் வீட்டுச் சாமான் முழுதும் இவற்றின் கரியரில்தான் போனது. ஆகவே பின் அச்சு பூட்டும் காதுகளில் வெடிப்பும் ஒட்டு வேலையும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். டைனமோ சுற்றி வானொலி கேட்ட காலம் அது; டைனமோவின் உருளையும் புஷ்ஷும் தேய்ந்திருப்பது வழமை. பழைய உள்ளூராட்சி லைசென்ஸ் தகடு தொங்கினால் கழற்றவேண்டாம். வண்டியின் வரலாற்றில் அதுவும் ஒரு பகுதி.

சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் காது ஒன்றிலிருந்து முன் தலைக்குழாயைச் சுற்றி மற்றக் காதுக்கு இழுத்துக் கட்டி, சீற் குழாயிலிருந்து இரு பக்கத் தூரத்தையும் அளவுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். முன்னால் மோதிய வண்டியில் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னே, குழாய்களின் அடிப்பக்கத்தில் சிறு புடைப்பு விரலுக்குத் தட்டுப்படும். அப்படியிருந்தால் எவ்வளவு மினுங்கினாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கியபின் கெடுவதுதான் அதிகம். கிராங்கை அச்சோடு இறுக்கும் கொட்டர் பின்னைச் சும்மா சுத்தியலால் அடித்தால் அடி முழுவதும் அச்சின் குண்டுகளுக்குப் போய், அவை உருளும் கப்பில் குழி விழும். கிராங்கின் கீழே இரும்புக் குழாயொன்றை நிலத்தில் ஊன்றி முட்டுக் கொடுத்து அடியுங்கள். ரலித் தொழிற்சாலையில் செய்த வண்டிகளின் கப் மரை அங்குலத்துக்கு 26, பொதுவான கப்பில் 24. கடையில் கிடைக்கும் கப்பைப் பலவந்தமாக ஏற்றினால் சட்டத்தின் மரையே போய்விடும். ஆகவே பழைய கப்பை எறியாமல், பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டு புதிதாகப் போடுங்கள். விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ உள்ளேயே இருக்கும் டைனோஹப் இருந்தால் அதன் காந்தத்தைத் தனியே வெளியே எடுக்கவேண்டாம். உள்சுருளை வெளியே இழுக்கும் அதே நேரத்தில் அந்த இடத்தில் இரும்பு வளையம் புகாவிட்டால் காந்தம் நலிந்து விளக்கு மங்கிவிடும்.

கியர் ஹப்புக்குத் தையல் மெசின் எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெய் சில துளி போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் தடித்துப் பிசுபிசுத்து, உள்ளேயுள்ள சிறு பற்களை ஒட்டவைத்துவிடும். பிறகு மிதித்தாலும் கியர் பிடிக்காது. தேங்காய் எண்ணெயைத் தோல் சீற்றுக்கும் பூசுகிறார்கள். தோல் இளகித் தொய்ந்துவிடும். கியர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று அறிய, இரண்டாம் கியரில் வைத்து, பின் அச்சின் வலப்பக்க நட்டின் துவாரத்தால் பாருங்கள். கியர் கம்பி இழுக்கும் சிறு குச்சியின் தோள் அச்சின் முனையோடு சமமாக நிற்கவேண்டும். சமமில்லாவிட்டால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பெடல் வெறுமையாகச் சுற்றும்.

கிணற்றுத் தண்ணீரால் கழுவவேண்டாம். எங்கள் நீரில் சுண்ணாம்பு; கரையோரத்தில் உப்பும் சேரும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். குறோமில் துரு பிடித்திருந்தால் அலுமினியத் தாளைக் கசக்கி நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குறோமைவிட மென்மை, கீறாது. பொன்கோட்டிலும் எழுத்திலும் பெற்றோல், தின்னர் படவே கூடாது.

ரயர் வாங்கும்போது 28 × 1½ என்று கேளுங்கள், மில்லிமீற்றரில் விட்டத்தைச் சொல்லும் 635 என்ற இலக்கத்தையும் ஓரத்தில் பாருங்கள். வெறுமனே 28 என்று சொன்னால் 622 தந்துவிடுவார்கள். அது சிறியது, ரிம்மில் ஏறாது.