பதினொரு நாள் வெள்ளை

ஐயா,

வணக்கம். உங்கள் இணையதளம் போன மாதம் பதினொரு நாள் திறக்கவில்லை. திறக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. திறந்தது, ஆனால் முழுக்க வெள்ளை. ஓர் எழுத்துகூட இல்லை. எங்கள் வாட்ஸப் குழுவில் தினமும் இதே பேச்சுதான். காரணம் கண்டுபிடிக்கப் போட்டியே நடந்தது. உங்கள் கட்டுரைகளின் நீளம் தாங்காமல் சர்வர் மயக்கம் போட்டுவிட்டது என்றார் ஒருவர். சக எழுத்தாளர் யாரோ மாந்திரீகரைப் பிடித்திருக்கிறார் என்றார் இன்னொருவர். எலி ஒயரைக் கடித்துவிட்டது, சர்வர் அறையில் யாரோ இஸ்திரிப் பெட்டி போட்டுவிட்டார்கள் என்றெல்லாம் வந்தன. முதல் பரிசு வாங்கியது இது: "கோளாறே இல்லை, அவருடைய புதிய படைப்பு. இதுவரை எழுதியதிலேயே செறிவானது." கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

என் கேள்வி வேறு. நான் சிறுகதை எழுத முயல்பவன். வெற்றுத் தாளைப் பார்த்தால் கை நின்றுவிடுகிறது. இத்தனை ஆண்டுகள் எழுதிய பிறகும் உங்களுக்கு அந்தப் பயம் வருமா? எப்படிக் கடக்கிறீர்கள்?

ச.

அன்புள்ள தம்பி,

பரிசு வாங்கிய வரியை வீட்டில் வாசித்துக் காட்டியது என் தவறு. இப்போது நான் மேசைக்குப் போனாலே "இன்றைக்கும் செறிவானதுதானா?" என்று கேட்கிறார்கள். நன்றாகச் சிரித்தேன். எழுதியவரிடம் சொல்லிவிடுங்கள், வாக்கியச் சிக்கனம் வந்துவிட்டது, கதை எழுதலாம்.

சிரித்து முடித்த பிறகு கடிதத்தை மறுபடி படித்தேன். பதினொரு நாள். தினமும் பார்த்திருக்கிறீர்கள், தினமும் பேசியிருக்கிறீர்கள், போட்டி வைத்திருக்கிறீர்கள், பரிசும் கொடுத்திருக்கிறீர்கள். என் மின்னஞ்சல் உங்களிடம் இருக்கிறது, அதற்கு இந்தக் கடிதமே சாட்சி. "ஐயா, தளம் வெள்ளையாக இருக்கிறது" என்று நான்கு வார்த்தை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லையா? நான் அப்போது வெளியூரில் இருந்தேன். ஊரில் இருந்தாலும் என் தளத்தை நானே திறந்து படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு கட்டுரை ஏற்றப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

காரணங்களுக்கு வருகிறேன். மாந்திரீகத்தை விட்டுவிடுவோம், அவ்வளவு செலவு செய்யும் அளவுக்கு என்மேல் அக்கறை உள்ள சக எழுத்தாளர் யாரும் இல்லை. நீளம் தாங்காமல் சர்வர் மயங்கியது என்றவர்தான் ஆச்சரியப்படுத்தினார். இந்த முறை அது காரணமில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பு அதுவே உண்மையாக நடந்தது. மிக நீண்ட கட்டுரை ஒன்றை ஏற்றினேன். தலைப்பு தெரிந்தது, தேதி தெரிந்தது, உடல் மட்டும் இல்லை. பத்தி பிரிப்பது, குறிகளைத் திருத்துவது போன்ற வேலைகளைப் பார்க்கும் நிரல், எழுத்துக் குவியலுக்குள் முன்னும் பின்னும் போய்த் தேடுகிறது. எத்தனை முறை பின்னால் திரும்பலாம் என்பதற்கு, தளத்தை ஓட்டும் நிரல்மொழியான பிஎச்பியில் ஓர் எல்லை உண்டு. பழைய பதிப்புகளில் 1,00,000. 5.3.7 பதிப்பிலிருந்து 10,00,000. எல்லையைத் தாண்டினால் அது பாதிக் கட்டுரையைக் கொடுப்பதில்லை, முறையிடுவதும் இல்லை. ஒன்றுமில்லை என்பதைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். எனவே உங்கள் நண்பர் கிண்டல் செய்யவில்லை, ஆவணப்படுத்தியிருக்கிறார்.

இஸ்திரிப் பெட்டிக்காரரும் அவ்வளவு தூரம் விலகிப் போய்விடவில்லை. வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்று ஒரு சிற்றூர். தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க இணையம் படுத்துவிடும். ஒன்றரை வருடம் இப்படி. பொறியாளர்கள் வந்தார்கள், கேபிளையே மாற்றிப் பார்த்தார்கள், ஏழு மணி ஏழு மணியாகவே இருந்தது. கடைசியில் அலைக்கருவியோடு தெருத்தெருவாக நடந்து தேடினார்கள். ஒரு வீட்டில் பழைய டிவி. அதைத் தினமும் ஏழு மணிக்குப் போடுகிறார்கள், அதிலிருந்து கிளம்பும் மின்னிரைச்சல் ஊர் இணைப்பையே குலைக்கிறது. 2020இல் செய்தியாக வந்தது. வீட்டுக்காரர் கூனிக்குறுகிப் போய், இனி அந்த டிவியைப் போடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். 2011இல் ஜார்ஜியாவில் செம்புக் கம்பி தேடி மண்வெட்டியால் தோண்டிய 75 வயதுப் பாட்டி ஒருவர் கண்ணாடியிழைக் கேபிளை வெட்டிவிட, பக்கத்து நாடான ஆர்மீனியாவில் பெரும்பாலானவர்களுக்குப் பல மணி நேரம் இணையம் இல்லை. 2018 பிப்ரவரியில் ஒரேயொரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன்களை முடக்கியது. குறுஞ்செய்தியில் அது வந்தால் போதும், செயலி விழுந்துவிடும். தமிழ் எழுத்துக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லையே என்று எனக்குச் சின்ன வருத்தம்.

ஆக, உங்கள் போட்டியில் வந்த எதுவும் நிஜத்தைவிட விசித்திரமில்லை. என் தளத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். தளத்தின் அடியில் "எழுத்தாளருக்கு எழுத" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி, தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு வாட்ஸப் அனுப்பினேன். ஆமாம், வாசகர்கள் கடிதம் எழுத வசதியாக இருக்கட்டும் என்றுதான். மேற்கோள்குறி வளைந்துதான் இருக்க வேண்டும் என்பது என் பழைய பிடிவாதம், அச்சகத்தில் பழகியது. கைபேசியும் அப்படியே வளைத்துக் கொடுத்தது. பையன் அதை வளைவோடு எடுத்து நிரலில் ஒட்டிவிட்டான். பிஎச்பிக்கு நிமிர்ந்து நிற்கும் குறிதான் மேற்கோள்குறி. வளைந்தது அதன் கண்ணுக்கு ஏதோ ஓர் எழுத்து. ஆகவே "எழுத்தாளருக்கு" என்பதை ஒரு பெயராக எடுத்துக்கொண்டது. இடைவெளிக்குப் பிறகு "எழுத" என்று இன்னொரு பெயர் வந்ததும் இலக்கணம் உதைத்தது. மொத்தத் தளமும் வெள்ளை. எனக்கு எழுதுங்கள் என்று கூப்பிட்ட வரிதான் என் வாயை அடைத்தது.

என்னைப் பிடித்துவைத்திருப்பது அந்தக் குறி இல்லை, அந்த வெள்ளைதான். அது எதுவுமே சொல்லவில்லை பாருங்கள். 1975 ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்தின் இடத்தை வெற்றாக விட்டது. நெருக்கடி நிலைத் தணிக்கை என்று வாசித்தவர்களுக்குப் புரிந்தது. உங்கள் நண்பர் சொன்ன செறிவான படைப்பு என்றால் அதைச் சொல்லலாம். என் தளத்தின் வெள்ளையில் அப்படி ஒன்றும் இல்லை. அது வெறும் வாய்மூடல்.

வாயை மூடியது இயந்திரமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பையன் பிழைப் பதிவேட்டைத் திறந்து காட்டினான். யாராவது பக்கத்தைத் திறந்த ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, என்ன பிழை, எல்லாம் இருந்தது. பதினொரு நாளும் கத்தியிருக்கிறது, பின்கட்டில். வாசலில் சொல்ல அதற்கு அனுமதி இல்லை. கோப்புகளின் இருப்பிடம் வெளியாளுக்குத் தெரிந்தால் திருடனுக்கு வழி காட்டியதாகும் என்பதால் வாசகர் முன்னால் பிழையைக் காட்டாதே என்று அடைத்து வைப்பது வழக்கம். நியாயம்தான். அதற்காக "இங்கே ஏதோ கோளாறு" என்று ஒரு வரிகூடவா சொல்லக்கூடாது? என் தளம் ஓடும் வேர்ட்பிரஸ் மென்பொருள் அந்த ஒரு வரியைச் சொல்லக் கற்றுக்கொண்டது 5.2 பதிப்பில்தான், 2019 மே மாதம். நாங்கள் அதற்கும் முந்தைய பதிப்பிலேயே உட்கார்ந்திருந்தோம். பையனைத் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கடலைமிட்டாய் ஞாபகம் வந்து, குரல் இறங்கிவிட்டது.

பதினேழு வயதில் கோவில்பட்டியில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். டிரெடில் என்ற சின்ன அச்சு இயந்திரத்துக்குத் தாள் வைக்கிற வேலை. ஒரு கும்பாபிஷேக மலர், ஐந்நூறு பிரதி. கட்டிக் கொடுத்த பிறகு முப்பது நாற்பது பிரதிகளில் ஒரு பக்கம் வெள்ளை என்று தெரிந்தது. நன்கொடையாளர் படம் வரவேண்டிய பக்கம். அதில் ஒரு பிரதி அந்த நன்கொடையாளர் கைக்கே போயிருந்தது. அச்சகத்தில் நான்கு நாள் உங்கள் வாட்ஸப் குழு மாதிரிதான். "அம்மன் கணக்குப் பார்த்திருக்கா, கொடுத்தது போதலை" என்றார் ஃபோர்மேன் அண்ணாச்சி. ராகு காலத்தில் அச்சுப் பாரம் ஏற்றினோம் என்றார் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர். படத்தில் இருப்பவர் கருப்பு, மை தீர்ந்துபோச்சு என்றான் ஒருவன். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். நானும் ஒரு காரணம் சொன்னேன், பல்லி என்று.

காரணம் எனக்குத் தெரியும். டீக்குப் பிறகு கடலைமிட்டாய் தின்றுகொண்டே தாள் வைத்தேன். வெயில் காலம், பாகு விரலில் இளகி ஒட்டும். இரண்டு தாள் சேர்ந்து போனால் மேல் தாள் மையை வாங்கிக்கொள்ளும், கீழ்த் தாள் வெள்ளையாக வரும். பிறகு புரட்டிப் போட்டு மறுபக்கம் அடிக்கும்போது அதுவும் கூட்டத்தோடு போய்விடும். ஒரு பக்கம் அச்சு, ஒரு பக்கம் வெள்ளை. சில தாள்கள் சேர்ந்து போனதை அப்போதே கண்ணால் பார்த்தேன். மெஷினை நிறுத்தினால் அண்ணாச்சி வைவார், நிறுத்தவில்லை.

முதலாளி யார்மேலாவது போட வேண்டும். அச்சடித்த தாள்களை அடுக்கும்போது பார்த்திருக்க வேண்டியவர் என்று, மடிப்பு வேலைக்கு வரும் அக்காவின் ஒரு வாரக் கூலியைப் பிடித்தார். மத்தியானம் எனக்குக் குழம்பு ஊற்றுகிற அக்கா. அன்றைக்கும் ஊற்றினார்கள். நான் தின்றேன், வாயைத் திறக்கவில்லை.

மறு வாரம் அந்த அக்கா ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து டிரெடில் கைப்பிடியில் தொங்கவிட்டார்கள். "டீ குடிச்சிட்டு வந்தா கையைத் தொடச்சிட்டுத் தாள் வைய்யி" என்றார்கள். அவ்வளவுதான். திரும்பி வந்த பிரதிகளைப் பிறகு நான் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தின் ஓரத்தில் பழுப்பாக விரல் ரேகை இருந்தது. ஒன்றிரண்டில் எறும்புகூட ஒட்டிக் காய்ந்திருந்தது. மடிக்கிறவர்கள் கண்ணில் அது படாமலா இருந்திருக்கும்? முதலாளியிடம் அவர்களும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரக் கூலியை நான் இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்று தோன்றிய வயதில் போய்க் கேட்டேன், அச்சகமே இல்லை.

பையனிடம் பதிவேட்டை வாரம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வேர்ட்பிரஸ் புதிதாக்கியாகிவிட்டது. "எழுத்தாளருக்கு எழுத" என்ற வரி இப்போது தளத்தின் அடியில் இருக்கிறது, நிமிர்ந்த குறியோடு. அழகாக இல்லைதான்.

வெற்றுத் தாள் பயம் பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள், அதற்கு இன்னொரு நாள் எழுதுகிறேன். தளம் மறுபடி வெள்ளையானால் போட்டியைத் தாராளமாக வையுங்கள், அதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். காலை ஏழு மணிக்கு மேல்.