உட்கார்ந்து எழும்போது முழங்காலில் 'டக்' என்று சத்தம் வருகிறது. வயது 27தான். மூட்டு தேய்ந்துவிட்டதா? சம்மணம் போடுவதை நிறுத்தணுமா?

வலியும் வீக்கமும் இல்லாமல் சத்தம் மட்டும்தான் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சம்மணமும் போடலாம். பகல் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு மாடிப்படி ஏறும்போது சத்தம் கேட்கும் ஆள் நீங்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சத்தம் இரண்டு வகை. விரலில் சொடக்கு எடுக்கும்போது வருவது ஒன்று. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, மூட்டுத் திரவத்தில் வாயு நிறைந்த ஒரு வெற்றிடம் உண்டாகிறது. 2015இல் விரல் மூட்டை எம்ஆர்ஐயில் படம்பிடித்தே காட்டினார்கள். ஒருமுறை சொடக்கு விழுந்தால் அதே மூட்டில் அடுத்ததற்குச் சுமார் 20 நிமிடம் ஆகும். உங்களுக்கு ஒவ்வொரு முறை மடக்கும்போதும் வருகிறதென்றால் அது இந்த வகை இல்லை. முழங்கால் சில்லோ, பக்கத்துத் தசைநாரோ இடம் நகரும் சத்தமாக இருக்கும்.

சில்லு என்பது கிணற்றுக் கப்பி மாதிரி. முன்தொடைத் தசையின் இழுப்பைத் திருப்பிவிட்டுக் காலை நீட்ட வைக்கிறது. தொடை எலும்பின் நுனியில் உள்ள பள்ளத்தில்தான் அது மேலும் கீழும் வழுக்கும். தொடைத் தசை பலமிழந்தால் அந்த ஓட்டம் சீராக இருக்காது. படி ஏறும்போது, அதைவிட இறங்கும்போது, முன்பக்கம் வலிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எலும்பு நுனிகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டு அழுந்தி விடுபடும்போது திரவம் உள்ளே போய் வருவதால்தான் அதற்குச் சத்து கிடைக்கிறது. அதனால் 'தேய்ந்துவிடும்' என்று நடப்பதைக் குறைப்பது தலைகீழான வைத்தியம். பள்ளியில் 206 எலும்பு என்று ஒரு மார்க்குக்காக மனப்பாடம் செய்ய வைத்தார்களே, இதை ஒரு வரி சொல்லியிருந்தால் எத்தனை முழங்கால் பிழைத்திருக்கும்!

செய்ய வேண்டியது எளிது. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வையுங்கள். மற்றதை நேராக நீட்டி, முன்தொடையை இறுக்கி, மடக்கிய முழங்காலின் உயரம் வரை தூக்கி 5 விநாடி நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். பத்து முறை, இரண்டு சுற்று, இரண்டு காலுக்கும். பலரும் கோட்டை விடுவது மூன்று இடத்தில்: மூச்சை அடக்குவது, தூக்கும் காலின் முழங்காலை லேசாக மடக்கிவிடுவது, இறக்கும்போது தொப்பென்று போடுவது. ஒன்றிரண்டு வாரத்தில் சுலபமானதும் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். இதுவும் பத்து முறை. மறுநாள் வரை வலி நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். சத்தம் முழுசாக நிற்காமலும் போகலாம், அதனால் கெடுதல் இல்லை. எடை கூடுதலாக இருந்தால் அதையும் கவனியுங்கள். ஒரு கிலோ குறைந்தாலும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை அதைவிடப் பல மடங்கு குறையும்.

'என் அம்மாவுக்கும் சத்தத்தில்தான் ஆரம்பித்தது' என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். அறுபது வயதில் வலியோடு சேர்ந்து வரும் கரகர சத்தத்தைப் பற்றி நான் பேசவில்லை. ஏற்கெனவே தேய்மானம் உள்ளவர்களும் மூட்டு மாற்று அறுவை செய்தவர்களும் தரையில் உட்காருவது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் இருந்தால் எலும்பு மருத்துவரிடம் போங்கள்: கால் பாதியில் மாட்டிக்கொண்டு நீட்ட முடியவில்லை, நடக்கும்போது முழங்கால் சட்டென வழுகி விடுகிறது, விளையாடும்போது திருகிச் சில மணி நேரத்தில் வீங்கிவிட்டது. ஜவ்வு கிழிந்திருக்கலாம். மூட்டு சூடாகி வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் தெரியும். படுத்த நிலையில் எடுத்தால் இடைவெளி குறைந்திருப்பது மறைந்துபோகலாம். தேய்மானம் பார்க்க எடுப்பதென்றால் நின்றபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் இன்னமும் படுக்க வைத்துத்தான் எடுக்கிறார்கள், காசு மட்டும் முழுசாக வாங்கிக்கொள்கிறார்கள்.