யார் பொறுப்பு?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகம் பாடம். அந்தக் காதலர் இருவரின் சாவுக்கு யார் பொறுப்பு என்று கட்டுரை எழுத வேண்டும். விதி என்று எழுதிவிடலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வேண்டாம், அம்மா. முன்னுரைப் பாடல் விதியைப் பேசுவது உண்மை. ஆனால் விதியோடு நிறுத்தினால் மனிதர் எடுத்த முடிவுகளைப் பற்றி எழுத இடமிருக்காது, மதிப்பெண் குறைவதும் அதனால்தான்.

காதலர்களுக்கு ரகசியமாக மணம் முடித்துவைத்த பாதிரியார் லாரன்ஸை உங்கள் மகள் முதலில் எடுக்கட்டும். ஜூலியட்டைச் செத்தவள்போல் கிடக்கச் செய்ய அவர் தந்த மருந்து 42 மணி நேரம் வேலை செய்யும். அவளுடைய தந்தை கபுலெட், பாரிஸ் என்பவனோடு நிச்சயித்த திருமணத்தை வியாழனிலிருந்து புதனுக்கு மாற்றியதால் ஜூலியட் ஒரு நாள் முன்பே குடிக்கிறாள். இந்தத் திட்டத்தை ரோமியோவுக்குச் சொல்லும் கடிதம் கொண்டுபோன துறவி கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் அடைக்கப்படுகிறார். இவ்வளவும் தற்செயல் எனலாம். கல்லறையில் காவலர் வரும் சத்தம் கேட்டதும் 14 வயது நிரம்பாத பெண்ணைத் தனியே விட்டு லாரன்ஸ் ஓடுவது தற்செயல் அல்ல! என் கணிப்பில் மிகக் கனமான குற்றம் இதுவே.

அடுத்து, பாரிஸை மணக்காவிட்டால் தெருவில் விடுவேன் என்று மிரட்டும் தந்தை. அவனையே மணந்துகொள் என்று கைவிடும் செவிலி. ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டைக் கொன்ற ரோமியோவின் அவசரத்தையும் விடக்கூடாது.

ஒவ்வொருவருக்கும் ஒரு முடிவு, அதற்கு ஒரு மேற்கோள், அதன் விளைவு என எழுதினால் போதும். கதைச்சுருக்கம் இரண்டு வரியைத் தாண்ட வேண்டாம்.