சுவிசேஷம் சொல்லப் போகுமுன்: கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருநெல்வேலி வட்டாரக் கிராமங்களில் ஊழியம் செய்தவன் நான். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவர், நாசரேத்: என் நண்பன் திருநீறு பூசாமல் வெளியே வரமாட்டான். அவனிடம் இயேசுவைப் பற்றிப் பேசத் தயக்கமாக இருக்கிறது ஐயா.

தம்பி, நெற்றியைப் பார்த்ததுமே ‘இவன் கேட்கமாட்டான்’ என்று தீர்ப்பெழுதிவிட்டீர்கள். நானும் அப்படிச் செய்தவன்தான். இளம் வயதில் நாகர்கோவில் போகும் பஸ்ஸில், பக்கத்தில் ஒரு பெரியவர். நெற்றி நிறையத் திருநீறு. இவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எண்ணிக் சுவிசேஷக் கைப்பிரதியை நீட்டி, வள்ளியூர் வரும்வரை நிறுத்தாமல் பேசினேன். பொறுமையாகக் கேட்டவர், இயேசுவின் மலைப்பிரசங்கத் தொடக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார். மிஷன் பள்ளியில் படித்தவராம். ‘சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள்’ என்ற இடத்தில் என் முகத்தைப் பார்த்துச் சற்று நிறுத்தினார். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

உங்கள் நண்பன் எதை நம்பி வேண்டுகிறான் என்று முதலில் கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கட்டும். பிறகு உங்களிடமும் கேட்பான். கேட்காவிட்டாலும் அவன் உங்கள் நண்பன்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை: மற்றவர்கள் நம்பிக்கையைக் கேட்டுக்கொண்டே இருந்தால் நம் விசுவாசம் நீர்த்துப்போகாதா?

ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்குவை நினைத்துப் பாருங்கள் ஐயா. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது, இங்குள்ளவர்கள் நாகரிகமற்றவர்கள் என்ற ஐரோப்பிய எண்ணம் அவரிடமும் இருந்தது. சிறுபிள்ளைகளோடு மணலில் எழுத்துப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடிப் படித்தார். தமிழ் அறிந்த பலருக்குக் கடிதம் எழுதி, அவர்கள் நம்புவதை அவர்கள் வாயாலேயே கேட்டார். அதன்பின் தம் பழைய எண்ணம் தவறு என்று எழுதினார். தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதிய நூலை ஜெர்மனியின் ஹாலே நகரத்து மிஷன் பெரியவர்கள் அச்சிட விரும்பவில்லை. அது வெளிவர 1867 ஆயிற்று! புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றித் தந்தவரும் இதே மனிதர்தான். இவருடைய விசுவாசமா நீர்த்துப்போயிற்று?

சகோதரி ஒருவர், தூத்துக்குடி: எங்கள் தெருவில் ஒருவர் எப்போதும் குடிக்கிறார். அவரிடம் பேசப் போனால், ‘பன்றிகள்முன் முத்தைப் போடாதே’ என்று எங்கள் சபை மூப்பர் தடுக்கிறார்.

அது மத்தேயு 7:6. அதே அதிகாரத்தின் முதல் வசனத்தையும் மூப்பர் வாசிக்கட்டும்: ‘மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்.’ துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, அவர் தெளிவாக இருக்கும் காலை வேளையில் போங்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.

வாலிபர் ஒருவர், சாத்தான்குளம் அருகே: வீடு வீடாகப் போகும்போது எங்கள் குழுவினர் சில தெருக்களை விட்டுவிடுகிறார்கள்.

சாதி பார்த்து விடுகிறார்கள் என்று நேராகவே எழுதலாம் தம்பி. எனக்குக் கோபம் வருகிறது. சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் கட்டளையிட்டார். அதற்கு வெகுகாலம் முன்பே, யூதரல்லாத ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டில் நின்று, ‘தேவன் பட்சபாதமுள்ளவரல்ல’ என்று பேதுரு சொல்லிவிட்டார். இன்னும் எத்தனை பேர் சொல்ல வேண்டும்? அடுத்த முறை அந்தத் தெருவுக்கு முதலில் போங்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் கேட்டதும் தண்ணீர்தான்.

இந்துக் குடும்பத்துப் பெண், தென்காசி: அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது இரண்டு பேர் வந்து, நாங்கள் சிலைகளை வணங்குவதால்தான் இந்த நோய் என்றார்கள். அப்பா அன்று இரவெல்லாம் அழுதார். இதுதான் உங்கள் சுவிசேஷமா?

இல்லை அம்மா. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றுதான் இயேசு சொன்னார். வந்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். அவர்களுக்காக உங்களிடமும் அப்பாவிடமும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவர்கள் கேட்டிருக்க வேண்டியதை நான் கேட்கிறேன்: அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?