ரிசர்வ் விழுந்த பிறகு எவ்வளவு தூரம்?

பழைய வண்டி வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்கு நம் பட்டறைக்காரர் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் பெட்ரோல் டேங்கைச் சுற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்.

அண்ணே, அப்பா ஓட்டிய 1979 மாடல் புல்லட் ஸ்டாண்டர்டு 350-ஐ தூசி தட்டி ஓட்ட ஆரம்பித்திருக்கிறேன். ஹெட்லைட் தலையில் ஸ்பீடோமீட்டர் தவிர இன்னொரு சின்ன மீட்டரும் இருக்கிறது. முள் எப்போதும் நடுவிலேயே நின்றதால் அரை டேங்க் பெட்ரோல் இருக்கிறது என்று நம்பினேன். போடி தாண்டி வண்டி நின்றுவிட்டது. அந்த மீட்டர் ரிப்பேரா? மூணாறு போய்வர ஆசை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகர், தேனி)

மீட்டர் ரிப்பேர் இல்லை தம்பி. அது ஆம்ப் மீட்டர். பேட்டரிக்கு கரண்ட் ஏறுகிறதா, பேட்டரியிலிருந்து இறங்குகிறதா என்று காட்டுவது. ஸ்லோவில் நிற்கும்போது ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள், முள் மைனஸ் பக்கம் சாயும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் திரும்பி வரும். முள் நடுவில் நிற்கிறது என்றால் சார்ஜிங் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவ்வளவுதான். அப்பாவிடம் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்.

உங்கள் வண்டியில் பெட்ரோல் மீட்டரே கிடையாது. திருவொற்றியூர் பேக்டரியிலிருந்து வந்த பழைய புல்லட் எதிலும் கிடையாது. அந்த வேலையை டேங்குக்கு அடியில் இருக்கும் டேப் (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) செய்கிறது. அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நீளமாக ஒரு குழாய் டேங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், அடியில் ஒரு ஓட்டை இருக்கும். டேப் ‘ஆன்’ல் இருக்கும்போது அந்தக் குழாயின் மேல்முனை வழியாகத்தான் பெட்ரோல் இறங்கும். மட்டம் அந்த முனைக்குக் கீழே போனதும் வண்டி ஏங்க ஆரம்பிக்கும். அப்போது டேப்பைத் திருப்பினால் அடி ஓட்டை திறந்து மிச்சப் பெட்ரோல் வரும். ரிசர்வுக்கென்று தனி டேங்க் ஒன்றும் இல்லை. எல்லாம் அதே டேங்கின் அடிப் பெட்ரோல்தான்.

ரிசர்வில் எத்தனை லிட்டர் இருக்கும் என்பது முழுக்க அந்தக் குழாயின் உயரத்தைப் பொறுத்தது. நாற்பது வருஷ வண்டியில் டேப் எத்தனை முறை மாறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? டூப்ளிகேட் டேப்பில் குழாய் அரை இஞ்ச் குட்டையாக இருந்தால் போதும், ரிசர்வ் பாதியாகிவிடும். குழாய் உடைந்து உள்ளேயே விழுந்துகிடந்தால் ரிசர்வே இல்லை. ‘ஆன்’லேயே கடைசிச் சொட்டுவரை ஓடி, திடீரென்று நிற்கும். உங்களுக்கு போடி தாண்டி நடந்தது அதுவாகக்கூட இருக்கலாம். அல்லது டேப் முதலிலிருந்தே ரிசர்வில் கிடந்திருக்கலாம். பெட்ரோல் போட்ட பிறகு டேப்பை ‘ஆன்’க்குத் திருப்ப மறப்பவர்கள் ஊருக்கு நூறு பேர்.

அதனால் மூணாறு கிளம்பும் முன் அளந்துவிடுங்கள். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பாருங்கள். வெட்டவெளியில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பக்கத்தில் பீடி சிகரெட் யாரும் பிடிக்காத இடத்தில் வண்டியை மெயின் ஸ்டாண்டில் போடுங்கள். கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது) பக்கம் பெட்ரோல் ட்யூபைக் கழற்றி ஒரு தகர கேனுக்குள் விட்டு, டேப்பை ‘ஆன்’ல் வையுங்கள். முதலில் கம்பியாக இறங்கும், பிறகு நூலாகும், பிறகு சொட்டும். சொட்டும் நின்றதும் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பி, இப்போது வருவதை மட்டும் தனியாக லிட்டர் படியில் பிடியுங்கள். அதுதான் உங்கள் வண்டியின் ரிசர்வ். டேப் கைப்பிடியின் பின்பக்கம் பெயின்ட் பேனாவால் அந்த எண்ணை எழுதிவிடுங்கள்.

ரிசர்வும் தீர்ந்தபின் டேங்கில் இன்னும் கொஞ்சம் ஒளிந்திருக்கும். வண்டியின் ஃப்ரேம் மேல் உட்கார வேண்டும் என்பதால் டேங்கின் அடிப்பாகம் நடுவில் மேடாகவும் இரண்டு பக்கம் பள்ளமாகவும் இருக்கும். டேப் ஒரு பள்ளத்தில்தான் இருக்கிறது. மறுபக்கப் பள்ளத்தில் தேங்கியது தானாக மேடேறி வராது. நடுரோட்டில் நின்றுபோனால் வண்டியை டேப் இருக்கும் பக்கமாக நன்றாகச் சாய்த்து, கொஞ்ச நேரம் பிடித்து, நிமிர்த்துங்கள். அடுத்த பங்க் வரை ஓடிவிடும். புல்லட்டைச் சாய்ப்பதற்குத் தெம்பு வேண்டும். தனியாள் என்றால் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியை ஆட்டி ‘சளக் சளக்’ சத்தம் கேட்பது எல்லோரும் செய்வது. கால் டேங்குக்கும் அரை டேங்குக்கும் வித்தியாசம் அந்தச் சத்தத்தில் தெரியாது. குச்சி விட்டுப் பார்ப்பதானால் காய்ந்த மூங்கில் சீவியதாக இருக்கட்டும், இரும்புக் கம்பி வேண்டாம். காலி டேங்கில் ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, ஊற்ற ஊற்ற குச்சியில் கத்தியால் கீறி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எப்போதும் மெயின் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். குச்சியும் நடு மேட்டில் இடிக்காமல் பக்கப் பள்ளத்தில் இறங்க வேண்டும். மேட்டில் இடித்தால் இரண்டு லிட்டர் இருக்கும்போதே காலி என்று காட்டும்.

இதெல்லாம் ஒருமுறை செய்யும் வேலை. தினமும் நம்ப வேண்டியது கிலோமீட்டர் கணக்கைத்தான். டேங்கை நிரப்புங்கள், மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், ஓட்டுங்கள், மறுபடி அதே அளவுக்கு நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். இரண்டு முறையும் மெயின் ஸ்டாண்டில் நிறுத்தித்தான் நிரப்ப வேண்டும். ஒருமுறை சைடு ஸ்டாண்டிலும் ஒருமுறை மெயின் ஸ்டாண்டிலும் பிடித்தால் கணக்கு கெட்டுவிடும்.

உங்கள் டேங்க் சுமார் 14 லிட்டர் பிடிக்கும். ரிசர்வ் 2 லிட்டர், மைலேஜ் 30 என்று வையுங்கள். ‘ஆன்’ல் 12 லிட்டர், அதாவது 360 கிலோமீட்டர். நானாக இருந்தால் 250-லேயே பங்கைத் தேடுவேன். உங்கள் வண்டியில் ட்ரிப் மீட்டர் கிடையாது. அதனால் நிரப்பும்போது மீட்டரில் 41,260 இருந்தால், ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் 41,510 என்று எழுதி டேங்க் மேல் மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வண்டியில் உட்கார்ந்தாலே கண்ணில் படும். மனக்கணக்கை நம்பவே நம்பாதீர்கள். டீக்கடையில் நிற்கும்போதே மறந்துபோகும்.

தேனியிலிருந்து மூணாறு ஒருவழி சுமார் 85 கிலோமீட்டர். டேங்க் ஃபுல்லாகக் கிளம்பினால் போய்ச் சுற்றித் திரும்பியே வந்துவிடலாம். போடிமெட்டு ஏற்றத்தில் செகண்டு கியரில் முக்கும்போது 30 கிடைக்காது, அதை மட்டும் மனதில் வையுங்கள். ஏற்றத்தில் பெட்ரோல் டேங்கின் பின்பக்கம் ஒதுங்கும், இறக்கத்தில் முன்பக்கம் ஓடும். புல்லட்டில் டேப் பின்பக்கம் என்பதால், மட்டம் குறைவாக இருந்தால் மேலே ஏறும்வரை ஒழுங்காக வந்த வண்டி இறங்கும்போது ஏங்கும். பயப்பட வேண்டாம், சமமான ரோட்டுக்கு வந்ததும் சரியாகும். சரியாகவில்லை என்றால் டேப்பைத் திருப்புங்கள்.

நான் வைத்திருப்பது யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். எப்போதும் பாதி டேங்குக்குக் குறையாமல் வைத்திருப்பேன். போன வாரம்தான் முதல்முறையாக ரிசர்வுக்குத் திருப்பினேன். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குத்திக் குத்தி ஓடி நின்றுவிட்டது. டேங்கைத் திறந்தால் உள்ளே பெட்ரோல் இருக்கிறது!
(கல்லூரி மாணவர், நாமக்கல்)

அது 1996-லேயே நின்றுபோன மாடல் தம்பி. உங்களிடம் இருப்பது உங்களைவிட வயதில் மூத்த வண்டி. இத்தனை வருஷத் துருவும் தண்ணீரும் டேங்கின் அடியில்தான் கிடக்கும். நீங்கள் ரிசர்வே தொடாததால் அது அசையாமல் இருந்தது. திருப்பிய அன்று மொத்தமும் கிளம்பி வந்து டேப்பின் வடிகட்டி வலையையோ கார்ப்பரேட்டர் ஜெட்டையோ (பெட்ரோல் பாயும் நுண்துளை) அடைத்திருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவி, வலையைச் சுத்தம் செய்து, கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணமான பௌலை இறக்கி ஜெட்டை ஊதிவிடுங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறையாவது, பங்குக்குப் பக்கத்தில் இருக்கும்போது, கொஞ்ச தூரம் ரிசர்வில் ஓட்டுங்கள்.

கழற்றுவதற்கு முன் ஒன்று பாருங்கள். வண்டி நின்ற உடனே டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வந்ததா? வந்தால் குற்றவாளி துரு இல்லை, மூடியில் இருக்கும் காற்றுத் துளை. பெட்ரோல் இறங்க இறங்க அதன் இடத்துக்குக் காற்று வர வேண்டும். துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது. வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் வண்டிக்குப் பளபளப்பு ஏற்ற பாலிஷ் போடுகிறார்களே, அந்த மெழுகு போய் அடைத்த மூடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மெல்லிய கம்பியால் குத்தி ஊதினால் தீர்ந்தது.

என் பழைய வண்டிக்கு பெட்ரோல் மீட்டர் மாட்ட முடியுமா? இங்கே ஒரு கடையில் டேங்கை ஓட்டை போட்டு மாட்டித் தருவதாகச் சொல்கிறார்கள்.
(வாசகர், ஓசூர்)

முடியும். ஆனால் நான் மாட்டித் தர மாட்டேன். மீட்டருக்கு டேங்குக்குள் மிதவை வேண்டும், மிதவை ஏறி இறங்க இடம் வேண்டும். நடுவில் மேடுள்ள டேங்கில் அது ஒரு பக்கப் பள்ளத்தை மட்டும்தான் பார்க்கும். சைடு ஸ்டாண்டில் ஒன்று சொல்லும், வளைவில் ஒன்று சொல்லும், பிரேக் போட்டால் வேறொன்று சொல்லும். அதோடு, பெட்ரோல் இருந்த டேங்கில் வெல்டிங் வைப்பது விளையாட்டு இல்லை. ‘காலி டேங்க்தானே’ என்பார்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கே ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

விளக்கு மட்டும் போதும் என்றால் தெர்மிஸ்டர் வகை உண்டு. பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை குளிர்ந்திருக்கும். வெளியே தலைகாட்டியதும் சூடாகி, கரண்டை விட்டு பல்பை எரியவைக்கும். அதற்கும் டேங்கில் துளை வேண்டும். டேப்பில் ரிசர்வ் ஒழுங்காக இருக்கும்போது இது எதற்கு? மீட்டர் பார்த்துத்தான் ஓட்டுவேன் என்றால் புதிய வண்டி வாங்குங்கள். 2021-ல் வந்த புதிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ல் பெட்ரோல் அளவு திரையிலேயே தெரிகிறது. அந்த வண்டிகளில் டேப் இல்லை, பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பம்பைப் பெட்ரோல்தான் குளிரவைக்கிறது என்பதால் அதில் கடைசிச் சொட்டுவரை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு ரிசர்வ் சீக்கிரம் விழுகிறதே, உண்மையா, பிரமையா?
(யெஸ்டி உரிமையாளர், சேலம்)

உண்மைதான். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்தியே உண்டு. 20 சதவீதம் கலந்தால் கணக்குப்படி ஆறேழு சதவீதம் குறையும். 30 கொடுத்த வண்டி 28 கொடுக்கும். 12 லிட்டரில் 24 கிலோமீட்டர் போய்விட்டது. பழைய கணக்கில் எழுதி வைத்திருப்பவர்கள் புதிதாக ஒருமுறை மைலேஜ் பார்த்துவிடுங்கள். ஆறேழு சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தால் பழியை எத்தனால் மேல் போடாமல், கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ப்ளோட்டையும் ஊசியையும் பாருங்கள்.

எத்தனால் தண்ணீரை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் அந்தத் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கலாம். ரிசர்வ் எடுப்பது அந்த அடியிலிருந்துதான். பழைய டேப் வாஷரும் ரப்பர் ட்யூபும் ஊறிப்போகின்றனவா என்றும் அடிக்கடி பாருங்கள். வழியில் தீர்ந்துபோய் யாரிடமாவது வெறும் பெட்ரோல் வாங்கி ஊற்றினால், உங்கள் பழைய யெஸ்டி டூ-ஸ்ட்ரோக் என்பதால் ஆயில் கலக்க மறக்காதீர்கள். நீங்கள் வழக்கமாகக் கலப்பது லிட்டருக்கு 40 மில்லி என்றால் பெட்டியில் 100 மில்லி பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து கிடக்கிறது. கிலோமீட்டர் கணக்கு எப்படிப் பார்ப்பது?
(வாசகர், திருச்சி)

கேபிள் மாற்றுங்கள்.

ராத்திரி நிறுத்தும்போது டேப்பை மூட வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரர் தேவையில்லை என்கிறார்.
(வாசகர், கும்பகோணம்)

கட்டாயம் மூடுங்கள். பழைய வண்டியில் பெட்ரோல் தன் எடையில் தானே இறங்குகிறது. ப்ளோட் ஊசியில் ஒரு மணல் மாட்டினால் ராத்திரி முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே வழிந்தால் வாசனையிலேயே தெரிந்துவிடும். உள்ளே போனால் இன்ஜினுக்குள் இறங்கும். காலையில் ராத்திரியைவிட டேங்க் குறைந்திருந்து, தரையில் ஈரமும் இல்லையென்றால் ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றி, பிளக்கைக் கழற்றி உள்ளே தேங்கியதை வெளியேற்றும்வரை கிக்கரில் கால் வைக்காதீர்கள்.