ரேடியேஷன் வாய்ப்புண்: உப்பு, சோடா, தேன்... எது, எவ்வளவு?

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். ரேடியேஷன் மூன்றாவது வாரம் நடக்கிறது. வாயெல்லாம் சிவந்து புண்ணாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னால், எரிகிறது என்று துப்பிவிடுகிறார். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், உப்பைக் குறையுங்கள். ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் போடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. அப்படிப் போட்டால் கரைசல் சுமார் 3 சதவீதம் ஆகிவிடும். ரத்தத்துக்கு இணையான உப்புநீர் 0.9 சதவீதம்தான். தோலுரிந்த இடத்தில் அத்தனை உப்பு பட்டால் எரியத்தானே செய்யும்?

கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 1 டீஸ்பூன் உப்பு, அதே அளவு சமையல் சோடா. பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் அமிலம் சேர்ந்திருக்கும். வெதுவெதுப்பாக ஒரு வாய் எடுத்து, அரை நிமிடம் மெல்ல அலசித் துப்ப வேண்டும். தொண்டையை அண்ணாந்து கரகரக்க வேண்டியதில்லை. விழித்திருக்கும் நேரத்தில் 2 மணி நேரத்துக்கு ஒரு தரம், சாப்பிட்ட உடனே, படுக்கும் முன். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

இது புண்ணை ஆற்றும் மருந்து அல்ல. கெட்டிப்பட்ட எச்சிலையும் உணவுத் துணுக்கையும் கழுவி, அமிலத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். வாயின் உள்படலச் செல்கள் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்பவை. கதிர்வீச்சு அந்த வளர்ச்சியைத் தடுப்பதால்தான் முதல் வாரம் சும்மா இருந்துவிட்டு 2, 3-வது வாரத்தில் புண் வருகிறது. சிகிச்சை முடிந்த பிறகும் ஆற 2 முதல் 4 வாரமாகும். அப்பாவிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள். கடைசி நாளுக்குப் பிறகும் வலித்தால், சிகிச்சை தோற்றுவிட்டதோ என்று பயந்துவிடுவார்.

கேள்வி: தேன் கொடுக்கலாமா?

பதில்: வீட்டு வைத்தியங்களில் ஓரளவு ஆதாரம் உள்ளது இதற்குத்தான். எம்.ஏ.எஸ்.சி.சி. என்ற பன்னாட்டு மருத்துவ அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுப்பவர்களுக்குப் புண் வராமல் தடுக்கத் தேனைப் பயன்படுத்தலாம் என்கிறது. ஆய்வுகளில் பரவலாகக் கையாண்ட முறை: 20 மி.லி. தேன், ரேடியேஷனுக்கு 15 நிமிடம் முன்பு, 15 நிமிடம் பின்பு, பிறகு 6 மணி நேரம் கழித்து. வாய் முழுக்கப் பரவவிட்டு மெதுவாக விழுங்க வேண்டும்.

சிக்கலும் உண்டு. ரேடியேஷனில் எச்சில் வற்றுவதால் பல் சொத்தை வேகமாக வரும். ஒட்டிய தேன் அதைக் கூட்டும். சிறிது நேரம் கழித்து, மேலே சொன்ன உப்பு-சோடாக் கரைசலில் அலசச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, கீமோவும் சேர்ந்து நடந்து வெள்ளணு குறைந்திருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கேள்வி: மஞ்சள், கற்றாழை, கிராம்பு எண்ணெய், ஐஸ் எல்லாம் சொல்கிறார்களே?

பதில்: கிராம்பு எண்ணெய் கூடவே கூடாது, திறந்த புண்ணைச் சுட்டுவிடும். எலுமிச்சை, வினிகர், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் மூன்றும் அப்படித்தான். மஞ்சள், கற்றாழை இரண்டுக்கும் சான்று இன்னும் மெலிது. கற்றாழையின் மஞ்சள் பால் வயிற்றுப்போக்கைத் தரும் என்பதையும் மறக்காதீர்கள். ஐஸ் சப்புவது சில கீமோ மருந்துகளின் புண்ணைத் தடுக்கும். ரேடியேஷன் புண்ணைத் தடுக்காது, சற்று நேரம் மரக்கவைக்கும். 'உடம்புக்குத் தெம்பு' என்று வைட்டமின் ஈ மாத்திரையை அதிக அளவில் விழுங்குவதும் வேண்டாம், சிகிச்சைக்கே குறுக்கே நிற்கக்கூடும்.

கேள்வி: வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. புண்தானா?

பதில்: இரண்டு வகை உண்டு. புண்மேல் ஒட்டிய வெளிர்மஞ்சள் ஏடு ரேடியேஷன் புண்ணின் பகுதிதான். சுரண்டினால் ரத்தம் வரும், தொடாதீர்கள். தயிர்த்திப்பி போல, புண் இல்லாத இடத்திலும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தேனோ உப்போ போதாது, பூஞ்சைக்கான மருந்து வேண்டும். ரேடியேஷன் பிரிவில் அன்றே வாயைத் திறந்து காட்டுங்கள்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். வாராவாரம் எடையும் பாருங்கள். மெலிந்தால், ரேடியேஷனின்போது தலை அசையாதிருக்க முகத்துக்குப் போடும் மாஸ்க் தளர்ந்து, கதிர் குறி தவறும். புதிதாக அளவெடுக்க வேண்டி வரலாம். வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுத்தால் நாலு வாய் கூடுதலாக இறங்கும்.