கையெழுத்து யாருடையது?

கேள்வி: சென்ற இதழில் அமெரிக்க மகளிர் காற்பந்து லீக்கில் யார் எந்தக் குழுவில் சேர்ந்தார்கள் என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு அது எதற்கு? பந்து உதைக்கிற ஒரு பெண்ணை 1.5 மில்லியன் டாலர் கொடுத்து ‘வாங்குகிறார்கள்’. இதையா பிள்ளைகளுக்குக் காட்டுவது? உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் அந்தப் பக்கத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.
– உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர்

பதில்: ஐயா, உங்கள் கோபம் முழுக்க ‘வாங்குகிறார்கள்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் சொல்லும் பெண் மெக்சிகோவின் லிஸ்பெத் ஒவாயே. 2025 ஆகஸ்ட்டில் அந்நாட்டின் டிக்ரேஸ் குழுவிலிருந்து அமெரிக்க லீக்கின் ஆர்லாண்டோ பிரைடு குழுவுக்குப் போனார். அந்த 1.5 மில்லியன் அமெரிக்க டாலர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 1.9 மில்லியன் வெள்ளி, அவர் கைக்குப் போன பணம் இல்லை; அவருக்கு விலை போட்டு ஒட்டிய சீட்டும் இல்லை. டிக்ரேஸுடன் அவர் போட்ட ஒப்பந்தம் இன்னும் முடியாமல் இருந்தது, அதைப் பாதியில் விடுவிப்பதற்காக ஒரு குழு இன்னொரு குழுவுக்குக் கொடுக்கும் ஈடு அது. ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தால் ஒரு காசுகூடக் கொடுக்காமல் அவர் போயிருக்கலாம். சம்பளம் தனி, அதை அவர்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு பணம் கைமாறினாலும் அவர் கையெழுத்துப் போடாமல் அந்த மாற்றம் நடக்காது.

தொகை அதிகம் என்கிறீர்கள். 2017ல் பிரேசிலின் ஆண் ஆட்டக்காரர் நெய்மாருக்காகப் பாரிஸ் குழு கொடுத்தது 222 மில்லியன் யூரோ. அதற்கு நீங்கள் எங்களுக்குக் கடிதம் எழுதியதாக நினைவில்லை. சரி, அதை விடுங்கள்.

பெண்களை அவர்களைக் கேட்காமலே கைமாற்றிய காலம் ஒன்று அந்த அமெரிக்க லீக்கில் உண்மையாகவே இருந்தது, அது ரொம்பப் பழைய கதையும் இல்லை. 2013ல் லீக் தொடங்கியபோதே ‘டிராஃப்ட்’ என்ற முறையும் வந்துவிட்டது. கல்லூரியில் ஆடி முடித்த பெண்களின் பெயர்களைக் குழுக்கள் வரிசைப்படி கூப்பிடும். எந்தக் குழு உங்கள் பெயரைச் சொல்கிறதோ அங்கேதான் நீங்கள் போக வேண்டும்; அந்த ஊர் பிடிக்காவிட்டால், அந்தப் பயிற்றுவிப்பாளர் பிடிக்காவிட்டால், அந்த லீக்கில் உங்களுக்கு வேறு வாசல் கிடையாது. சேர்ந்த பிறகும் நிம்மதி இல்லை. குழு நினைத்தால் உங்களை இன்னொரு நகரத்துக் குழுவுக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம், உங்கள் சம்மதம் தேவையில்லை. வாடகை வீடு, குடும்பம், படிப்பு எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இதே லீக்கில் பயிற்றுவிப்பாளர்கள் சிலர் ஆட்டக்காரர்களிடம் எப்படியெல்லாம் நடந்துகொண்டார்கள் என்று 2022 அக்டோபரில் ஒரு விசாரணை அறிக்கை வெளிவந்தது, படிக்கவே மனம் கூசும். விலகிப் போகிற உரிமை இல்லாத இடத்தில் ஒரு பெண் எப்படி வாயைத் திறப்பாள், சொல்லுங்கள்.

2024 ஆகஸ்ட்டில் ஆட்டக்காரர்களின் சங்கம் லீக்கோடு புது ஒப்பந்தம் போட்டு அந்த டிராஃப்டை ஒழித்தது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்குகளில் இதை முதலில் செய்தவர்கள் இந்தப் பெண்கள்தான். ஆண்களின் கூடைப்பந்து, அமெரிக்கன் ஃபுட்பால் லீக்குகளில் டிராஃப்ட் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் எங்கு வேண்டுமானாலும் போகலாம், சம்மதம் இல்லாமல் யாரையும் வேறு குழுவுக்கு மாற்றக் கூடாது என்று எழுத்தில் வாங்கினார்கள். ஆண்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025ல் 48,500 டாலர், படிப்படியாக ஏறி 2030ல் 82,500. நாங்கள் இரண்டு பக்கம் போட்டது இதனால்தான். யார் எங்கே சேர்ந்தார் என்ற செய்தி இப்போது, அந்தப் பெண் எதைத் தேர்ந்தெடுத்தாள் என்ற செய்தி.

நயோமி கிர்மாவையே பாருங்கள். எத்தியோப்பியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குக் கலிஃபோர்னியாவில் பிறந்தவர், தற்காப்பு ஆட்டக்காரர். 2022 டிராஃப்டில் முதல் பெயராக அழைக்கப்பட்டு சான் டியேகோவுக்குப் போனார். மூன்றே ஆண்டில், 2025 ஜனவரியில், இங்கிலாந்தின் செல்சி குழு அவருக்காக 1 மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்தது. மகளிர் காற்பந்தில் மில்லியனைத் தாண்டிய முதல் மாற்றம் அது. கோல் அடிக்கிறவருக்கு இல்லாமல் கோலைத் தடுக்கிற ஒருவருக்கு அந்த முதல் மில்லியன் வந்ததில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம் உண்டு. உங்கள் மகள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை.

அமெரிக்கா நமக்கெதற்கு என்றீர்கள். 2024ல் அந்த லீக்கையே புரட்டிப்போட்ட இரண்டு பேர் சீனக் குழுக்களிலிருந்து போனவர்கள். ஸாம்பியாவின் பார்ப்ரா பாண்டா ஷாங்ஹாயிலிருந்து ஆர்லாண்டோவுக்குப் போய், அந்த ஆண்டு இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்துக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். மலாவியின் டெம்வா சாவிங்கா வூஹானிலிருந்து கன்சாஸ் சிட்டிக்குப் போய் ஒரே பருவத்தில் 20 கோல் அடித்தார், அது லீக் சாதனை. ஆசியாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களை அங்கிருந்து தேடி வருகிறார்கள் என்றால், ஆசியாவில் இருக்கும் நமக்கும் அந்த வழி ஒன்றும் அந்நியம் இல்லை. நம் ஊர் டேனல் டான் 2023ல் டோர்ட்முண்ட் மகளிர் குழுவில் சேர்ந்தார். குழுவின் பெயர்தான் பெரிது; அந்த மகளிர் அணி 2021ல்தான் ஜெர்மனியின் கீழ்மட்டப் பிரிவிலிருந்து ஆடத் தொடங்கியது. அங்கே போய் ஆடி, 2024ல் தோக்கியோவின் வெர்டி பெலேசாவுக்கு மாறினார். பெரிய பெயருக்காக மட்டும் போகிறவர் இப்படி ஏறி இறங்கி அலைய மாட்டார், ஆட வேண்டும் என்ற ஆசை இருந்தால்தான் முடியும்.

இதை வைத்துச் சோறு தின்ன முடியுமா என்ற கவலை உங்கள் கடிதத்துக்குள் இருக்கிறது. அது நியாயமான கவலை, அதை நான் தள்ளிவிட மாட்டேன். நம் மகளிர் பிரிமியர் லீக்கில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் வேலையோ படிப்போ முடித்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு ஓடி வருகிறவர்கள். 2019ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது மதுரையின் சேது எஃப்சி. அதில் ஆடிய கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் வேலை பார்த்தார். ஆக, உங்கள் மகள் படிப்பை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். துணைப்பாட வகுப்பும் இருக்கட்டும், பந்தும் இருக்கட்டும். இரண்டில் ஒன்றை அவளிடம் கேட்காமலே பிடுங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அக்காள் மகளுக்கு 15 வயதில் உள்ளூர்க் குழு ஒன்றில் இடம் கிடைத்தது. படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அத்தான் அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தார், அது மூன்று வாரம் அங்கேயே கிடந்தது. போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளும் தினமும் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பாளாம், கேட்க மாட்டாளாம். கடைசித் தேதி போய்விட்டது. இன்று அவளுக்கு 27 வயது, நல்ல வேலை, நல்ல சம்பளம், எதற்கும் குறையில்லை. அந்தப் படிவத்தைப் பற்றி அவள் அப்பாவிடம் இன்றுவரை பேசியதில்லை, என்னிடம்தான் ஒருநாள் ஜாலான் புசார் திடல் பக்கம் காரில் போகும்போது சொன்னாள். நான் அப்போதே அத்தானிடம் பேசியிருக்க வேண்டும், பேசாமல் விட்டுவிட்டேன்.

உங்கள் மகள் அலமாரிக் கதவில் ஒட்டியிருப்பது இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம், அதில் இருக்கும் படம் யாருடையது என்று அவளிடம் கேட்டீர்களா? கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அடுத்த இதழிலும் அந்தப் பக்கம் வரும்.